கேரியர் வைத்த சைக்கிளில் வாருங்கள்

அரிட்டாபட்டியைக் காக்கத் தை மாதம்தோறும் மதுரையிலிருந்து சைக்கிளில் வரும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும், உங்களோடு வரும் நரைத்த தலை ஐயாக்களுக்கும் வணக்கம்.

இந்தத் தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பனி விலகாத நேரத்தில், நரசிங்கம்பட்டிப் பக்கம் நான்குவழிச் சாலையை விட்டுப் பிரிந்து நூறு பேருக்கு மேல் வரிசையாக வந்தீர்கள். அரிட்டாபட்டியைக் காப்போம் என்று சட்டை முதுகில் அச்சடித்திருந்தது. அதன் கீழே ஒரு மலை, மலைக்கு மேலே சிறகு விரித்த ஒரு வல்லூறு. கண்மாய்க் கரையில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் ஒருத்திக்குப் பலர் கை காட்டினீர்கள். அது நான்தான். நானும் கை காட்டினேன். அதோடு முடிந்திருந்தால் இந்த மடலுக்குத் தேவை வந்திருக்காது.

உங்களில் ஒரு தம்பிக்கு டியூப் பஞ்சர். கருவேல முள். அவர் வரிசையிலிருந்து பின்தங்கி என் வயல் வரப்பில் வந்து உட்கார்ந்தார். சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு ஒரு செம்பு நீராகாரம் கொடுத்தேன். குடித்து முடித்தவர் கைபேசியில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, “அம்மா, பாதுகாக்கப்பட்ட இடம் எங்கே தொடங்குகிறது?” என்று கேட்டார். மலையைக் காட்டினேன்.

“அப்படியானால் இது?” என்று காலடியைக் காட்டினார்.

“இது என் வயல்.”

“இதுவும் அதில் சேர்ந்ததுதானே?”

சேர்ந்ததில்லை என்றேன். அந்தப் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. ஏதோ தவறான ஊருக்கு வந்துவிட்டவர் போல மறுபடி வரைபடத்தைப் பார்த்தார். அதற்குள் டியூப் மாற்றியாகிவிட்டது, கூட்டத்தைப் பிடிக்கும் அவசரத்தில் கிளம்பினார். அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலுமாக 193.215 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது. ஏக்கரில் சொன்னால் ஏறக்குறைய 477. இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பர் 7 அன்று, ஒன்றியச் சுரங்க அமைச்சகம் டங்ஸ்டன் ஏலத்தின் முடிவை வெளியிட்டது. நாயக்கர்பட்டித் தொகுதி என்று அதற்குப் பெயர். பரப்பு 2015.51 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 4,980 ஏக்கர். டங்ஸ்டன் என்றால் குண்டு பல்புக்குள் இருக்கும் இழை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. அது எங்கள் காலுக்குக் கீழே கிடக்கிறது என்பதையும், அதை ஏலமும் விட்டாகிவிட்டது என்பதையும் ஒரே நாள் செய்தியில் தெரிந்துகொண்டோம்.

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏலம் போன நிலத்தில் பாரம்பரியத் தலம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சமெல்லாம் நஞ்சை, புஞ்சை, தோப்பு, கண்மாய், ஊருணி, கோயில், சுடுகாடு, வீடு. அரிட்டாபட்டி, கிடாரிப்பட்டி, வல்லாளபட்டி, நரசிங்கம்பட்டி, செட்டியார்பட்டி, எட்டிமங்கலம் என்று ஊர்களின் பெயரைச் சொன்னால் வரிசை நீளும்.

அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரியும். கிராம சபைகளில் தீர்மானம் போட்டோம். டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. டிசம்பர் 24 அன்று ஒன்றிய அரசிடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. பல்லுயிர்த் தலத்தைத் தவிர்த்துவிட்டுத் தொகுதியின் எல்லையை மாற்றி வரைய முடியுமா என்று இந்தியப் புவியியல் ஆய்வு மையம் மறுபடி பார்க்கும் என்று அதில் இருந்தது. அன்று மாலை நகரத்திலிருந்து தெரிந்தவர் ஒருவர் போன் செய்தார். “அக்கா, மலை தப்பித்துவிட்டது!” குரலில் அத்தனை மகிழ்ச்சி. எனக்கோ வயிறு கலங்கிவிட்டது. 477 ஏக்கரைக் கத்தரித்து ஓரமாக வைத்துவிட்டு மிச்சம் 4,500 ஏக்கரை என்ன செய்யலாம் என்று பார்க்கப்போகிறார்கள் என்றுதானே அதற்குப் பொருள்? மலைக்காவது ஓர் அரசாணை இருந்தது. என் வயலுக்கு என்ன இருந்தது? பட்டாவும் கிஸ்தி ரசீதும்.

அதன் பிறகுதான் 2025 ஜனவரி 7. நரசிங்கம்பட்டியில் கூடி, நடந்தும் டிராக்டரிலும் இருசக்கர வண்டிகளிலும் தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் வரை போனோம். மேலூர்க் கடைகள் அடைத்துக் கிடந்தன. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு, ஊன்றுகோலோடு வந்தவர்கள் உண்டு. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்று அறிவிப்பு வந்தது. அன்று வெடித்த வெடியில் எங்கள் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதைத் தேடிப் பிடிக்க ராத்திரி பத்து மணி ஆகிவிட்டது.

மலைக்கு இருந்த அரசாணை மலையை மட்டும்தான் காத்திருக்கும். வயலையும் சேர்த்துக் காத்தது வயல்காரர்களின் கால். அந்தக் கால்களில் பாதி இன்றைக்கும் சேற்றில்தான் நிற்கின்றன. உங்கள் சட்டையில் மலை இருக்கிறது, வல்லூறு இருக்கிறது. வயல் இல்லை. என் வருத்தம் அங்கேதான் தொடங்குகிறது.

சைக்கிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சைக்கிள் எங்களுக்குப் புதிதில்லை. என் அப்பா ஹெர்குலிஸ் சைக்கிளில் செங்கரும்புக் கட்டை நீளவாக்கில் கட்டி மேலூர்ச் சந்தைக்கு உருட்டிக்கொண்டு போவார். திரும்பும்போது பின்னால் புண்ணாக்கு மூட்டை, முன்னால் நான். அதே வண்டியில் குரங்குப் பெடல் போட்டுத்தான் ஓட்டப் பழகினேன். என் அக்காவைப் புதுக்கோட்டைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. 1991-92-இல், ஊரெல்லாம் எழுத்தறிவு கற்பித்த அறிவொளி இயக்கக் காலத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். அக்காவும் பழகினாள். பொங்கலுக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தவள் அப்பாவின் வண்டியை எடுத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றியதைப் பார்க்க ஊரே கூடிவிட்டது. என் மகள் மேல்நிலைப் பள்ளிக்குப் போனது அரசு கொடுத்த சைக்கிளில். ஆகவே நீங்கள் சைக்கிளில் வருவதைப் பார்த்து வேடிக்கை என்று நாங்கள் நினைப்பதில்லை. காரில் கதவை ஏற்றிக்கொண்டு வருபவர்களைவிட உங்களை எங்களுக்குப் பிடிக்கும். சைக்கிளில் வருபவருக்குச் சாணி வாசனையும் தெரியும், மேடு பள்ளமும் தெரியும்.

வரும் வழியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒத்தக்கடையில் தேநீருக்கு நிற்கிறீர்கள். தலைக்கு மேல் யானைமலை படுத்திருக்கிறது. 2010-இல் அதைச் சிற்ப நகரம் ஆக்கப்போவதாக ஒரு பேச்சு எழுந்தபோது முதலில் எதிர்த்து நின்றவர்கள் அடிவாரத்து நரசிங்கத்து மக்கள். அந்தச் சமயத்தில் உருவானதுதான் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனின் பசுமை நடை. பிறகு மாதம் ஒரு மலை என்று மதுரைக்காரர்களைக் காலால் நடத்திக் காட்டியது. மேலூரைத் தாண்டிக் கிழக்கே கீழவளவு, கீழையூர்ப் பக்கம் நீங்கள் போவதில்லை. ஒருமுறை போய்ப் பாருங்கள். மலை இருந்த இடத்தில் சதுரம் சதுரமாகப் பள்ளம், பள்ளத்தில் பச்சைத் தண்ணீர். கிரானைட் கொள்ளையை விசாரிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை நியமித்தது. அவர் அறிக்கை கொடுத்தார். மலை திரும்பி வரவில்லை. அரிட்டாபட்டி மலைகள் அப்படிப் போகாமல் தப்பியதற்கு, அந்த ஊர்க்காரர்கள் பாரம்பரியத் தலம் என்ற பெயர் வருவதற்கு வெகுமுன்பே குவாரிக்கு இடம் கொடுக்காமல் மல்லுக்கட்டியதுதான் காரணம். அந்த மலைகளுக்குப் பக்கத்து ஊர்க்காரியான நான் இதைப் பொறாமை இல்லாமல் சொல்கிறேன் என்றால் அது அவர்களுக்குக் கிடைத்த பெரிய சான்றிதழ்.

அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். பாதுகாக்கப்பட்ட இடம் எங்கே தொடங்குகிறது?

தண்ணீரைக் கேட்டால் தெரியும். இது பாறை மலை, மண் குறைவு. பெய்த மழையைக் குடிக்காது, வழித்துக் கீழே விடும். கொஞ்சம் சுனைகளில் தங்கும், மிச்சம் ஓடையாகி வரத்துக்கால் வழியே கண்மாயில் விழும். ஏழு மலை, 200 சுனை, 72 நீர்நிலை, மூன்று தடுப்பணை என்று அரசே எண்ணி எழுதியிருக்கிறது. ஆனைகொண்டான் கண்மாய் பாண்டியர் காலத்தது என்றும் எழுதியிருக்கிறது. ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கில் வழிந்து அடுத்ததற்குப் போகும். மடையைத் திறந்தால் வயலுக்குப் போகும். மேலூர் வட்டத்தில் பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் பாயும் ஊர்களுக்காவது முல்லைப் பெரியாறு இருக்கிறது. அங்கேயும் கள்ளந்திரிக்கு இந்தப் பக்கம் ஒருபோகம்தான். 85,563 ஏக்கருக்கு ஆண்டுக்கு ஒருமுறை திறப்பார்கள், அதுவும் அணையின் மட்டத்தைப் பார்த்து. மலையடி ஊர்களுக்கு மலைதான் அணை. வயலில் பயிர் செய்பவன் இருந்தால் வரத்துக்காலைச் செதுக்குவான். அவன் இல்லாவிட்டால் இரண்டே மழையில் சீமைக் கருவேலம் கால்வாயை அடைத்துவிடும். கண்மாய் நிறையாது. கண்மாய் நிறையாத ஊரில் கொக்கு ஏது, நாரை ஏது?

வல்லூற்றைக் கேட்டாலும் இதையேதான் சொல்லும். இந்த மலைகளில் ஏறக்குறைய 250 வகைப் பறவைகள் உண்டு என்கிறார்கள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிக் கழுகு மூன்றும் அதில் பெரிய பெயர்கள். அவை குடியிருப்பது பாறை இடுக்கில். சாப்பாடு எங்கே? புறாவும் கிளியும் எங்கள் கதிரைத் தேடி வருகின்றன, வல்லூறு அவற்றைத் தேடி வருகிறது. கௌதாரியும் முயலும் புஞ்சைக் காட்டில் மேய்கின்றன, ராசாளி அங்கே இறங்குகிறது. லகர் வல்லூறு ஓணானையும் வயல் எலியையும்கூட விடாது. வீடு மலையில், அடுப்படி எங்கள் காட்டில். அடுப்படியைத் தோண்டி எடுத்துவிட்டு வீட்டை மட்டும் காப்பாற்றி என்ன செய்வது? அலங்கு என்ற எறும்புதின்னியும் தேவாங்கும் எங்கள் வேலியைப் பார்த்து நிற்பதில்லை, அரசாணை எல்லையைப் பார்த்தும் நிற்பதில்லை. (மயிலைப் பற்றி மட்டும் என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். பால் பிடித்த கதிரில் அது இறங்கும்போது என் பல்லுயிர்ப் பற்று கொஞ்சம் ஆட்டம் கண்டுவிடும்.)

சரி, பறவைக்கு வாய் இல்லை என்பீர்கள். கல்லுக்கு எழுத்து இருக்கிறது. கழிஞ்சமலைக் குகைத்தளத்தில் உங்கள் வழிகாட்டி டார்ச் அடித்துக் காட்டினாரே, தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய அந்தக் கல்வெட்டில் குகையைச் செய்துகொடுத்தவனின் ஊர் நெல்வெளி. எந்த நெல்வெளி என்று அறிஞர்கள் ஆராயட்டும். நெல் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. மீனாட்சிபுரத்து மலையில் நெடுஞ்செழியன் பெயரே இருக்கிறது. 1882-இல் ராபர்ட் சீவெல் கண்டெடுத்தது. அது அரசன் விஷயம், இருக்கட்டும். கிடாரிப்பட்டியில் அழகர்மலைக் குகைக்கு ஏறிப் பாருங்கள். சமண முனிவர்களுக்குப் படுக்கை வெட்டிக்கொடுத்தவர்களில் உப்பு விற்றவன் இருக்கிறான், பாணிதம் என்ற சர்க்கரைப் பாகு விற்றவன் இருக்கிறான், துணி விற்றவன் இருக்கிறான், கொழு வணிகன் ஒருவனும் இருக்கிறான். கொழு என்றால் கலப்பையின் நுனியில் மாட்டும் இரும்பு. ஏர்க்கொழு விற்று ஒருவன் மலையில் கொடை எழுதிவைக்கும் அளவுக்குச் சம்பாதித்திருக்கிறான் என்றால், 2,000 ஆண்டுக்கு முன்பு இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை ஏர் பூட்டியிருப்பார்கள்? நீங்கள் படம் எடுத்துக்கொண்டு போகும் அந்தப் படுக்கைகளுக்குக் கூலி கொடுத்தது வயல். அந்தக் கிடாரிப்பட்டியும் ஏலத் தொகுதிக்குள் இருந்த ஊர்தான்.

இப்போது நான் பயப்படுவது ஏலத்துக்கு அல்ல. ஏலம் விட்டால் கூட்டம் சேரும், கொடி ஏறும், அமைச்சர் பேசுவார். என் வயலுக்குத் தெற்கே ஒரு துண்டு நிலம் மூன்று ஆண்டாகத் தரிசு. சொந்தக்காரர் பிள்ளையோடு திருப்பூரில் இருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. அறுவடை இயந்திரத்துக்கு மணிக் கணக்கில் வாடகை. ஒரு வருஷம் விளைந்ததைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிட்டார்கள். சாலையில் காயப்போட்டுக் காவல் கிடந்ததில் அவருக்கு முதுகு போய்விட்டது. அந்தத் துண்டில் இப்போது கருவேலம் ஆள் உயரம். நான்குவழிச் சாலையை ஒட்டிய நிலங்களில் மஞ்சள் அடித்த கல் ஊன்றி மனை விற்கிறார்கள். அந்தக் கல் வருஷத்துக்கு ஒரு வயல் தூரம் மலையை நோக்கி நடந்து வருகிறது. அதற்கு எதிராக யாரும் பேரணி போவதில்லை. போகவும் முடியாது. விற்பவன் எங்கள் பங்காளி, வாங்குபவர், மன்னிக்கவும், உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

தரிசாகக் கிடக்கும் நிலத்தை மறுபடி ஒருநாள் யாராவது ஏலம் விட வந்தால், அங்கே மறித்து நிற்க ஆள் இருக்காது. 2025 ஜனவரியில் டிராக்டரில் ஏறியவர்கள் டிராக்டருக்கு வேலை வைத்திருந்தவர்கள். அதுதான் அந்தத் தம்பிக்கு என் பதில். பாதுகாக்கப்பட்ட இடம் உழுகிற இடத்தில் தொடங்குகிறது.

உங்களோடு எனக்குச் சண்டையும் கொஞ்சம் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு உபசரிக்கத் தெரியாது எனக்கு.

மலையடியில் இறங்கியதும் பெட்டியிலிருந்து டிரோன் ஒன்றை எடுத்துப் பறக்கவிட்டீர்கள். அது கழிஞ்சமலைப் பாறைக்கு நேராகப் போய் ரீங்கரித்தது. இரண்டு வல்லூறுகள் வெளியே பாய்ந்து கத்திக்கொண்டு வட்டமடித்தன. நீங்கள் கை தட்டினீர்கள். தையும் மாசியும் அவை பாறை இடுக்கில் முட்டை வைத்து அடைகாக்கும் காலம். தாய் எழுந்து போனால் முட்டை ஆறிவிடும். வீட்டில் பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும்போது ஜன்னலில் தலையை நீட்டி யாராவது கை தட்டுவார்களா? டிரோனை இறக்கியதும் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார்கள், உடம்பைச் சூடேற்றும் ஆட்டமாம். ஆடினீர்கள். எங்கள் சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடியதால் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. ஆனால் டிரோனை இனிமேல் கொண்டுவர வேண்டாம்.

பிறகு ஆளுக்கு ஒரு பதக்கம் போட்டுக்கொண்டீர்கள். கனமான பதக்கம், நான் கையில் வாங்கிப் பார்த்தேன். நுழைவுக் கட்டணத்தில் பெரும்பங்கு சட்டைக்கும் பதக்கத்துக்கும் காலை உணவுப் பொட்டலத்துக்கும் போய்விடுகிறது என்று உங்களில் கணக்குப் பார்க்கும் அம்மாவே சொன்னார். மிச்சம் எதற்கு என்று கேட்டேன். “விழிப்புணர்வுக்கு” என்றார். எங்களுக்கா? 2024 நவம்பர் 7-இலிருந்து நாங்கள் சரியாகத் தூங்கியதே இல்லை அம்மா. எங்களை யாரும் விழிக்கவைக்க வேண்டாம். உங்கள் தெருவில் அதைச் செய்யுங்கள்.

அந்தப் பணத்தை என்ன செய்யலாம் என்று கேட்டால் சொல்வேன். ஆவணி மாதம், மழைக்கு முன்பு, வரத்துக்கால் செதுக்கும் வேலை இருக்கிறது. கருவேலத்தை வேரோடு பிடுங்க இயந்திரம் வைத்தால்தான் முடியும். ஒருநாள் இயந்திர வாடகைக்கு உங்கள் பதக்கச் செலவு போதும். எந்தக் கால்வாய், எவ்வளவு தூரம், யார் பொறுப்பு என்பதை ஊர்க் கூட்டத்தில் வைத்துப் பேசுங்கள். ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள், பெண்கள் குழுக்களும் இருக்கின்றன. பணத்தை ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், என் கையிலும் வேண்டாம். நல்ல காரியத்தில் ஊர் இரண்டுபட்ட கதை எங்களிடம் நிறைய இருக்கிறது. நீங்களும் மண்வெட்டி பிடிக்கலாம். கை கொப்புளித்தால் விளக்கெண்ணெய் தடவிவிடுகிறோம்.

பயணத்தையே ஆவணிக்கு மாற்றிவிடுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. வெயில் இருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் வல்லூற்றுக் குஞ்சுகள் அதற்குள் பறந்துபோயிருக்கும், கண்மாய் உங்களுக்காகக் காத்திருக்கும். தையில் வந்தால்தான் பச்சையாக இருக்கும், படம் நன்றாக வரும் என்று உங்கள் தலைவர் தம்பி சொன்னார். பச்சையைப் பார்க்க வருபவர் விருந்தாளி. பச்சை வருவதற்கு முன்பு வருபவர் சொந்தக்காரர். கோடையிலும் ஒருமுறை வரலாம். கண்மாய் வற்றியதும் மீன்பிடித் திருவிழா நடக்கும். பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாவும் கச்சாவுமாக நூற்றுக்கணக்கானவர்கள் சேற்றில் பாய்வதைப் பார்க்க உங்கள் டிரோன் வேண்டாம், கரையில் நின்றாலே போதும். பிடித்த மீனை அன்று விற்கமாட்டார்கள், குழம்பு வைப்பார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் சாப்பாடு உண்டு.

நகரத்தில் இருப்பவர்களால் மட்டும் முடிகிற காரியமும் ஒன்று இருக்கிறது. காவிரிப் படுகைக்கு 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அப்படி ஒரு காப்பு எங்களுக்கும் வேண்டும் என்று நாங்கள் போராட்ட நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறோம். மனு எழுதியே எங்கள் கை தேய்ந்துவிட்டது. உங்களில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், பேராசிரியர்கள் இருக்கிறீர்கள், அரசு அலுவலகத்தில் கோப்பு எந்த மேசையில் தூங்கும் என்று தெரிந்தவர்களும் இருக்கிறீர்கள். சைக்கிளில் நூறு பேர் வருவதைவிட, உங்களில் பத்துப் பேர் அந்தக் கோப்பின் பின்னால் ஓராண்டு அலைந்தால் மலைக்கு நல்லது. காசம்பட்டிக்கும் போகப்போவதாகச் சொன்னீர்கள். நத்தம் பக்கத்து வீரகோயில் காடு, 4.97 ஹெக்டேர்தான், 2025-இல் இரண்டாவது பாரம்பரியத் தலமாக ஆனது. போய்வாருங்கள். அதைச் சுற்றி மாந்தோப்புகள். தோப்புக்காரர்களிடம் இந்த வருஷம் காய்ப்பு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு காட்டுக்குள் போங்கள். உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றிவிடுங்கள், அது சாமிக்காடு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் சைக்கிள்களை நான் கூர்ந்து பார்த்தேன். மெலிந்த டயர், வளைந்த கைப்பிடி, ஒரு விரலால் தூக்கலாம் போன்ற எடை. ஒன்றின் விலையைக் கேட்டேன், ஒரு ஜோடி மாட்டின் விலை சொன்னார்கள். ஆனால் ஒன்றிலாவது கேரியர் இல்லையே! சாமான் வைக்க இடமில்லாத சைக்கிளை எங்கள் ஊரில் யாரும் சைக்கிள் என்றே ஒத்துக்கொள்ளமாட்டார்கள். அடுத்த முறை கேரியர் மாட்டிக்கொண்டு வாருங்கள். வீட்டுக்கு அரிசி வாங்காமல் இருக்கப்போவதில்லை, அதை இங்கே வாங்குங்கள். கடை விலையையே கொடுங்கள், சலுகை வேண்டாம், நன்கொடையும் வேண்டாம். உங்களில் நூறு குடும்பம் மாதம் 10 கிலோ வாங்கினால் மாதம் ஒரு டன். கொள்முதல் நிலையத்து வாசலில் காவல் கிடக்காமல் விற்கலாம் என்று தெரிந்தால் தெற்குத் துண்டுக்காரர் திருப்பூரிலிருந்து திரும்பி வருவாரா, தெரியாது. போன் போட்டுச் சொல்லிப் பார்க்கிறேன்.

பஞ்சர் ஆன தம்பிக்கு அன்று 5 கிலோ புழுங்கல் அரிசி கட்டிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை, வைக்கவோ இடமில்லை. கைப்பிடியில் மாட்டிப் பார்த்தார், சக்கரத்தில் இடித்தது. முதுகுப் பையில் திணித்துப் பார்த்தார், பம்பும் தண்ணீர்ப் புட்டியும் இடம் விடவில்லை. அடுத்த வாரம் மோட்டார் சைக்கிளில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பை இன்னும் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறது. பெயர் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நீல ஹெல்மெட், முன்பல்லில் சின்ன இடைவெளி. உங்களுக்குத் தெரிந்திருக்கும். வண்டு விழுவதற்குள் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மலையடி ஊர் விவசாயி ஒருத்தி,
மேலூர் வட்டம்.